கோயிலுக்குப் போகும் நாளில் நான்கு குளிசை

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இந்த வருடம் லேபிள் அடிக்கும் இயந்திரம் ஒன்று பூட்டியிருக்கிறார்கள். மருந்தின் பெயர், எத்தனை குளிசை, எப்போது போடுவது என்று எல்லாவற்றையும் அடித்துத் தந்துவிடும். "பேனையாலை எழுதிக் குடுத்த கடைசி ஆள் நீங்கள்தான் மிஸ். ஆண்டு மலருக்கு அதைப் பற்றி எழுதித் தாங்கோ. பழைய பகிடிக் கதையள் எண்டாலும் காணும்" என்று மருந்தகத்துப் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டார்கள். ஓம் என்றேன். எழுத உட்கார்ந்தபோது பகிடி ஒன்றும் வரவில்லை. என் கையெழுத்தில் இருந்த ஒரு மருந்து உறைதான் கண்முன் வந்து நின்றது. அதையே எழுதுகிறேன்.

கொழும்பில் இரண்டு வருடம் மருந்தாளர் பயிற்சி. மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் பாடமாக்கினேன், சோதனை எழுதினேன், சித்தியடைந்தேன். முதல் நியமனமே வன்னியில் கிடைத்தது. அங்கே மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவநேசன் சேர். ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கு மேலே அவர்தான் இருந்தார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குளிசைகளைத் தட்டில் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்து ஐந்தாக ஒதுக்கி எண்ணுவார். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் நிமிரமாட்டார். நாங்கள் ஒரு உறையை எழுதி முடித்தால், கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. யன்னலுக்கு வெளியே நோயாளிகள் நிற்கும் பக்கம் போய் நின்றுகொண்டு, "வாசியும்" என்பார். முதல் கிழமை நான் "தினமும் மூன்று வேளை" என்று எழுதியதை வாசித்தேன்.

"நான் வயலுக்கை நிக்கிறன். மூண்டு வேளை எண்டால் எப்ப?"

"காலமை, மத்தியானம், இரவு, சேர். சாப்பாட்டுக்குப் பிறகு."

"நான் மத்தியானம் சாப்பிடுறதில்லை. வெறும் தேத்தண்ணிதான்."

கையில் இருந்த உறையைத் திரும்பப் பார்த்தேன்.

"அப்ப நான் மத்தியானக் குளிசையைப் போடேல்லை. பிழை ஆற்றை?"

"என்ரை சேர்."

"திரும்ப எழுதும்."

அதற்குப் பிறகு உறையைக் கொடுக்கும்போது, "வீட்டை போய் எப்பிடிப் போடுவியள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப் பழகினேன். அவர்கள் தங்கள் வாயால் சொன்ன பிறகுதான் கையை எடுப்பேன்.

இடம்பெயர்வுக் காலத்தில் உறைகளே இல்லாமல் போயின. பள்ளிக்கூடக் கட்டடத்தில் மருந்து கொடுத்தோம். பிள்ளைகளின் பழைய கொப்பிகளைக் கிழித்து மடித்துப் பொட்டலம் கட்டினோம். வரிசையில் நின்றவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடி தொலைந்திருந்தது. அப்போதுதான் படம் கீறத் தொடங்கினேன். காலைக்கு ஒரு சூரியன், மத்தியானத்துக்கு உச்சியில் நின்று கதிர் விடும் சூரியன், இரவுக்குப் பிறை. சனத்துக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. "மிஸ், எனக்கு நிலாக் குளிசை முடிஞ்சுது" என்று வந்து கேட்பார்கள். சமாதானம் வந்து, நல்ல உறைகள் வந்த பிறகும் நான் படம் கீறுவதை விடவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இனி எழுதப்போவது அந்தப் பெருமையைப் பற்றித்தான்.

எங்கள் மருந்தகத்தில் ஒரு குளிசை மட்டும் தனி லாச்சியில் பூட்டில் இருக்கும். மெதொட்ரெக்சேற். சேர் அதன் பெயரைச் சொல்லமாட்டார். "கிழமைக்காரனை எடும்" என்பார். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடவேண்டிய மருந்து அது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்றால், எங்கள் உடம்பைக் கட்டும் சின்னஞ்சிறு கலங்கள் புதிதாக உண்டாகப் போலிக் அமிலம் வேண்டும். நாங்கள் விழுங்கும் போலிக் அமிலத்தை உடம்பு அப்படியே எடுத்துக்கொள்ளாது. டைஹைட்ரோபோலேற் றிடக்டேஸ் என்ற நொதியம் ஒன்று அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். மெதொட்ரெக்சேற் அந்த நொதியத்தைப் பிடித்து நிறுத்திவிடும். புற்றுநோய்க்குப் பெரிய அளவிலும், மூட்டுவாதத்துக்கு மிகச் சிறிய அளவிலும் கொடுப்பார்கள். கிழமையில் ஒரு நாள் போட்டால் மூட்டு வீக்கம் தணியும். மற்ற நாட்களில் போலிக் குளிசை ஒன்று. ஆனால் நாளாந்தம் போட்டால், ஓயாமல் புதுக் கலம் தேவைப்படும் இடங்கள்தான் முதலில் அடிபடும். வாயின் உட்தோலும், இரத்தம் ஊறும் எலும்பு மச்சையும். எங்களிடம் வந்த மெதொட்ரெக்சேற், போலிக் இரண்டுமே மஞ்சள், இரண்டுமே சிறியவை.

வசந்தி துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து கிளினிக்குக்கு வருபவள். முப்பது வயது கடந்தவள். கை விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் வந்தாள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். நான் அவளுக்கு இரண்டு உறைகளையும் கொடுத்து, கிழமைக்காரன் இருந்ததைக் காட்டி, "இது வெள்ளிக்கிழமையிலை மட்டும், நாலு குளிசை" என்றேன்.

"வெள்ளியிலைதான் மிஸ் நான் கோயிலுக்குப் போறனான்" என்றாள்.

எனக்கு மூளையில் ஒரு வெளிச்சம். சிவப்புப் பேனையால் அந்த உறையில் பெரிய பொட்டு ஒன்று வைத்தேன். "அப்ப பொட்டு வைச்சது கோயிலுக்குப் போற நாளிலை. பொட்டில்லாதது மற்ற நாளிலை ஒண்டு. எப்பிடிப் போடுவியள், சொல்லுங்கோ பாப்பம்?"

"பொட்டு வைச்சது கோயிலுக்குப் போற நாளிலை நாலு. பொட்டில்லாதது மற்ற நாளிலை ஒண்டு."

அட்சரம் பிசகாமல் சொன்னாள். நான் சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உறையைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. வயல், மாடு, பிள்ளை என்று இருக்கிறவள், வெள்ளி தவிர வேறு நாளில் கோயில் பக்கம் போவதில்லை. விரல்கள் தணிந்து வந்தன. "மிஸ், இப்ப தேங்காய் திருவுறன்" என்று கையை விரித்துக் காட்டினாள். ஆறாம் முறை வந்தபோது, "நெல்லு வெட்டுக் காலம், அடுத்த மாதம் வரேலாது. ரெண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தாங்கோ" என்றாள். வைத்தியரும் துண்டில் எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு குளிசை எண்ணிப் போட்டு, உறையில் வழக்கம்போல் பொட்டு வைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு புதன்கிழமை காலை, யன்னலில் அவளுடைய கணவன் கணேசன் நின்றான். மோட்டார்சைக்கிளில் வந்த புழுதி முகத்தில் இருந்தது.

"மிஸ், பொட்டு வைச்ச குளிசை முடிஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் தாங்கோ."

"முடிஞ்சுதோ? ரெண்டு மாதத்துக்கெல்லோ தந்தனான்?"

"ஓம் மிஸ். ஆனா எங்கடை அம்மன் கோயிலிலை கொடியேறினதெல்லோ. பத்து நாள் திருவிழா. இவ ஒவ்வொரு நாளும் போறா. இன்னும் மூண்டு நாள் கிடக்கு, குளிசையைக் காணேல்லை."

நான் கணக்குப் பார்த்தேன். பார்க்க வேண்டியிருக்கவில்லை, இருந்தும் பார்த்தேன். முதல் வெள்ளி நான்கு. பிறகு ஏழு நாள், நாளுக்கு நான்கு. முப்பத்திரண்டு. அவள் ஒன்றையும் தவறவிடவில்லை.

"அவா எங்கை?"

"வீட்டிலை. விரதச் சூடு மிஸ், வாய் முழுக்கப் புண். தண்ணியும் விழுங்கேலாது எண்டு கிடக்கிறா. வாய்ப்புண்ணுக்கும் விற்றமின் ஏதும் இருந்தாத் தாங்கோ."

"காய்ச்சல் இருக்கோ?"

"நேற்றுப் பின்னேரத்திலை இருந்து கொஞ்சம்."

என் கையில் இருந்த தட்டு சாய்ந்து, வேறு யாருக்கோ எண்ணிய குளிசைகள் நிலத்தில் கொட்டுண்டன. சேர் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எண்ணும்போது அவர் நிமிர்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சொன்னேன். இரண்டே வசனம்தான் சொல்லியிருப்பேன். அவர் எழுந்து வந்து என் இடத்தில் நின்றார்.

"நீர் அம்புலன்சுக்குச் சொல்லும். பேந்து வாட்டுக்குப் போம். வரிசையை நான் பாக்கிறன்."

மத்தியானம் அவளைக் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னபோது கண்ணால் தண்ணீர் வழிந்தது. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்று, முடியாமல் கையை மட்டும் தூக்கினாள். இரத்தப் பரிசோதனை அறிக்கையை வைத்திய நிபுணர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெண்குழியங்கள் விழுந்துவிட்டன. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளும் விழுந்துகொண்டிருந்தன. கிருமி ஏதும் தொற்றினால் எதிர்த்து நிற்க உடம்பில் ஆட்கள் இல்லை. அவளைத் தனி அறையில் விட்டார்கள். வைத்திய நிபுணர் இளம் பெண். மெதுவாகத்தான் சொன்னார்: "இந்தக் கிழமைதான் தீர்மானிக்கும்."

கணேசன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "மிஸ், அந்தப் பொட்டில்லாத மஞ்சள் குளிசை வீட்டிலை கிடக்கு. திருவிழாவுக்கை அவ அதைப் போடேல்லை. இப்ப அதை நிறையக் குடுத்தாச் சரிவருமோ?"

கெட்டிக்காரத்தனமான கேள்வி. நானே அந்த நிமிடத்தில் போலிக் குளிசைப் போத்தலை நினைத்துக்கொண்டுதான் நின்றேன். மருந்தகத்தை மத்தியானத்துக்குப் பூட்டிவிட்டு வந்திருந்த சேர் பதில் சொன்னார்.

"தம்பி, வீட்டிலை நெல்லுக் கிடக்கு, மில் நிண்டு போச்சு. இன்னும் நாலு மூட்டை நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினாச் சோறு வருமோ?"

"வராது சேர்."

"உந்த மஞ்சள் குளிசை நெல்லு. உடம்புக்கை அதைக் குத்திற மில்லைத்தான் மற்றக் குளிசை நிப்பாட்டிப்போட்டுது. இனி அரிசியாத்தான் கொண்டு வரோணும்."

அந்த அரிசிக்குப் பெயர் போலினிக் அமிலம். நொதியம் செய்ய வேண்டிய வேலை ஏற்கெனவே செய்யப்பட்ட போலிக். நின்றுபோன நொதியத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கலத்துக்குப் போய்விடும். எங்கள் களஞ்சியத்தில் அது இல்லை. புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். சேர் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்து, தனக்குத் தெரிந்த மருந்தாளர் ஒருவரைப் பிடித்தார். "எத்தினை வேணும்?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் கேட்டது. "இருக்கிறதைத் தாரும். மிச்சம் வந்தாத் திருப்பி அனுப்புவன்" என்றார் சேர். மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வாகனத்தில், குளிர்ப்பெட்டிக்குள் அது வந்து சேர்ந்தது. நான்கு மணிக்கு முதல் ஊசி. பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று.

முதல் ஊசி ஏறிய பிறகு நான் கணேசனை அழைத்துக்கொண்டு போய், வாட்டுக்கு வெளியே மர வாங்கில் இருத்தினேன்.

"கணேசன், இது விரதச் சூடில்லை. அந்தக் குளிசை கிழமைக்கு ஒரு நாள்தான் போடலாம். கோயிலுக்குப் போற நாள் எண்டு நான் சொன்னது பிழை. பிழை உங்கடை இல்லை, அவாவின்ரையும் இல்லை."

அவன் வாட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் கேட்டனான் மிஸ். மூண்டாம் திருவிழா அண்டைக்கு, 'என்னடியப்பா, ஒவ்வொரு நாளும் நாலு நாலாப் போடுறாய்' எண்டு கேட்டனான். 'மிஸ் சொன்னவா, மிஸ் பிழையாச் சொல்லமாட்டா' எண்டு போட்டா."

அவன் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அந்த வசனத்தை இன்றைக்கும் நான் தேத்தண்ணி ஊற்றும்போது, உடுப்புத் தோய்க்கும்போது கேட்கிறேன்.

அடுத்த நாள் காலை சம்பவ அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்தேன். சேர் யன்னலுக்கு வெளியே, நோயாளிகளின் பக்கம் போய் நின்றார்.

"வாசியும்."

வாசித்தேன். மூன்றாவது வரியில் "நோயாளி அறிவுறுத்தலைத் தவறாக விளங்கிக்கொண்டமையால்" என்று இருந்தது.

"திரும்ப வாசியும்."

திரும்ப வாசித்தேன்.

"நீர் சொன்னதை அவ என்ன செய்தவ?"

"செய்தவ சேர்."

"எவ்வளவு?"

"முழுக்க."

"அப்ப ஆர் தவறா விளங்கினது?"

அந்த வரியை வெட்டினேன். "நான் கொடுத்த அறிவுறுத்தல் தவறானது" என்று எழுதினேன். திரும்ப வாசித்தேன். சேர் உள்ளே வந்து பேனையை வாங்கி, என் கையொப்பத்துக்குக் கீழே தன் கையொப்பத்தையும் வைத்தார். அவர் வைக்கத் தேவையில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "எனக்கும் அந்தப் பொட்டுப் பிடிச்சிருந்தது" என்றார். அவ்வளவுதான். போய்க் குளிசை எண்ணத் தொடங்கினார்.

அந்த நாட்களில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள் துளசிக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். "என்னம்மா?" என்பாள். "ஒண்டுமில்லை" என்பேன். யாருடைய பிள்ளையோ என் உறையால் கட்டிலில் கிடக்கும்போது, என் பிள்ளையின் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கணேசன் காலையும் பின்னேரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். "மிஸ், இண்டைக்கும் அரிசி குடுத்தாச்சோ?" இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வெண்குழியங்கள் இன்னும் இறங்கின. காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஐந்தாம் நாள் காலை அறிக்கையை எடுக்க ஆய்வுகூடத்துக்கு நானே போனேன். படியிலேயே நின்று பார்த்தேன். எண் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். இருந்தும் ஏறியிருந்தது. வாட்டு வாசலில் கணேசன் எழுந்து நின்றான்.

"மில் ஓடத் துவங்கிட்டுது" என்றேன். அவன் மறுபடி வாங்கில் இருந்து, முகத்தைச் சாரத்தால் மூடிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் வசந்தி கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு அவள் சொன்ன முதல் நீண்ட வசனம் இது: "அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா மிஸ். பத்து நாள் திருவிழாவுக்கு ஏழு நாள் குளிசைதான் விட்டவ." பக்கத்தில் நின்ற தாதி சிரித்தாள். நான் வெளியே போய்விட்டேன். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அதற்குப் பிறகு கிழமைக்காரனை ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் கொடுக்கவில்லை. நாளின் பெயரைத் தவிர வேறு அடையாளம் வைக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களிடம் வீட்டில் வாசிக்கக்கூடிய ஒருவரை அழைத்துவரச் சொன்னோம். கேள்வியும் மாறியது. "எப்பிடிப் போடுவியள்?" என்று கேட்டால் நாங்கள் சொன்னதையே எங்களிடம் திருப்பித் தருவார்கள். அதனால், "திருவிழா வந்தால்? காய்ச்சல் வந்தால்? ஒரு நாள் மறந்து போனால்?" என்று கேட்கத் தொடங்கினோம். சேர் அந்த வருட முடிவில் ஓய்வு பெற்றார். ஐம்பத்தைந்து வயதானதும் நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் துளசிக்கு விரல் மூட்டு வீங்கியது. வசந்திக்கு வந்த அதே வருத்தம், மூட்டுவாதம். அதே மஞ்சள் குளிசை, வெள்ளிக்கிழமைகளில் நான்கு. கல்யாணம், பிள்ளை என்று வரும்போது முன்கூட்டியே நிறுத்த வேண்டும், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். நான் பயப்பட்டேன். அவள் வேலைக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும் அலுமாரியைத் திறந்து குளிசைகளை ஐந்து ஐந்தாக எண்ணினேன். ஒரு நாள் அவள் கண்டுவிட்டாள். "அம்மா, கள்ளன் வந்தாலும் உதைக் களவெடுக்கமாட்டான்" என்றாள்.

போன மாதம் அவளோடு கிளினிக்குக்குப் போனேன். இருபத்தெட்டு வருடம் யன்னலுக்கு உள்ளே நின்ற நான், சேர் வந்து நிற்கும் அந்தப் பக்கத்தில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பினாள். வசந்தி. சதை வைத்து, கையில் வளையல் போட்டு, ஆளே மாறியிருந்தாள்.

"ஐயோ, மிஸ்! நீங்கள் என்ன இஞ்சாலைப் பக்கம்?" என்றவள் துளசியின் விரல்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "மகளோ?"

"ஓம்."

அவள் துளசியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "தங்கச்சி, உங்கடை எந்த நாள்?"

"வெள்ளி, அக்கா."

"ஊரிலை கொடியேறினா?"

துளசி என்னைப் பார்த்தாள்.

"வெள்ளி மட்டும்" என்றாள்.

"ஒரு வெள்ளி மறந்து போனா, அடுத்த முறை எட்டாப் போடுவீங்களோ?"

"இல்லை. இஞ்சை வந்து கேப்பன்."

"வாய் புண்ணா வந்தா?"

"நிப்பாட்டிப்போட்டு அண்டைக்கே வருவன்."

"அதுதான். விரதச் சூடு எண்டு படுத்துக் கிடக்கக் கூடாது." பிறகு என்னிடம் சொன்னாள்: "பிள்ளை பாஸ் மிஸ். நான் வாற நேரமெல்லாம் வரிசையிலை நிக்கிற எல்லாரையும் கேக்கிறனான். உள்ளுக்கை இருக்கிற பிள்ளையளுக்கு நேரமில்லை, எனக்கு இருக்கு."

அவளுடைய முறை வந்தது. மூட்டு மறுபடி வீங்கியதால் அவளுக்கும் அதே கிழமைக்காரன்தான். இயந்திரம் லேபிளைத் துப்பியது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். "வெள்-ளி. கிழ-மைக்கு ஒரு தட-வை." மகளோடு இருந்து படித்ததாம்.

இந்தக் கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் கொடியேறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை துளசி நான்கு குளிசையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமையும் குளித்து, பூத்தட்டோடு போனாள். அவள் படலை தாண்டியதும் நான் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன். கைப்பிடியில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டு, குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.